சர்ஃபின் ஆட்டோ கியர்: ஒன்று என்று நினைத்தது மூன்று

"ஆறு! மச்சான், ஆறு வந்துருச்சு!"

யாங்கோன் பக்கத்துத் தன்லின் பாலம் இறங்கி சௌட்டான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். இடது சீட்டில் மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, மடியில் முள் மீட்டரை வைத்துக்கொண்டு கத்தினான். ஆறு என்றால் ஆறு வோல்ட். ஆறு வோல்ட் என்றால் எங்கள் சர்ஃப் வண்டி ஓவர்டிரைவுக்கு, அதாவது நாலாவது கியருக்கு, போய்விட்டது என்று அர்த்தம். அந்த ஒரு ஆறைப் பார்க்க நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் நாலரை லட்சம் கியாட்டும் போயின. ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடி கேட்டிருந்தால் 28 லட்சம் போயிருக்கும். கியரும் சரியாகியிருக்காது.

வண்டி 1994 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப். 1கேஇசட்-டிஇ (1KZ-TE) என்ஜின், 2982 சிசி டர்போ டீசல், நாலு கியர் ஆட்டோமேட்டிக். மாமனார் வாங்கியது. 2011க்கு முன்னால் யாங்கோனில் இறக்குமதிப் பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழைய ஜப்பான் வண்டிக்கே வீட்டு விலை கொடுத்தார்கள். அப்படி வாங்கிய வண்டி என்பதால் அதை விற்கும் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்ததும் தொல்லையும் பிடித்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது என்ஜின் ஒரு விநாடி வெறுமனே உறுமும், அப்புறம் "தொப்"பென்று விழும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரே நிதானமாக மிதித்தாலும் கியர் மேலும் கீழுமாக ஆடும். 80ல் போனால் டக்கோமீட்டர் 2500ஐக் காட்டும், நாலாவதுக்கு ஏறவே ஏறாது. எனக்கு இதெல்லாம் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாகத்தான் தெரிந்தது. ஒர்க்‌ஷாப் சயாவுக்கும் (இங்கே மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்படித்தான். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் முடிஞ்சுது, ஜப்பான் பழசு ஒண்ணு இருக்கு, கூலியோட 28 லட்சம்" என்றார். பணம் இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன், அதுதான் உண்மை.

முதலில் எண்ணெய். இதில்தான் முதல் தப்பும் செய்தேன்.

கியர்பாக்ஸ் அடித்தட்டின் வடிகால் போல்ட்டைக் கழற்றி, வந்த எண்ணெயை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி அளந்தேன். 1.8 லிட்டர். நிறம் பழைய தேன் மாதிரி பழுப்பு, ஆனால் கருகிய நாற்றம் இல்லை. தட்டைச் சுற்றியுள்ள 10 மி.மீ. போல்ட்டுகளைக் கழற்றித் தட்டை இறக்கினேன். உள்ளே ஒட்டியிருந்த காந்தங்களில் சாம்பல் நிறத்தில் களிம்பு, விரலில் தேய்த்தால் விபூதி மாதிரி வழுவழுப்பு. சிராய் இல்லை, செதில் இல்லை. கிளட்ச் தகடு தின்று போயிருந்தால் இங்கே கறுப்புத் துகளாகவோ உலோகத் துண்டாகவோ கிடந்திருக்கும். "கியர்பாக்ஸ் முடிஞ்சுது" என்ற பேச்சில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது இந்தக் காந்தங்களைப் பார்த்துத்தான். நீங்களும் தட்டை இறக்கினால் துடைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள். நான் துடைத்துவிட்டேன், மாப்பிள்ளை நம்பவில்லை.

புது ஃபில்டர், புது கேஸ்கெட் போட்டு, வெளியே வந்த அதே அளவு, 1.8 லிட்டர் புது எண்ணெயை உள்ளே ஊற்றினேன். எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்று என்பதுதான் எல்லாரும் சொல்கிற கணக்கு. என்ஜினை அணைத்து, டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. ஓட்டினேன். அதே உறுமல், அதே தொப்.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. என்ஜின் ஆயிலை அணைத்துப் பார்க்க வேண்டும், கியர் எண்ணெயை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். என்ஜின் நின்றால், என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கிற டார்க் கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெயில் கொஞ்சம் தட்டுக்கு இறங்கிவிடும், டிப்ஸ்டிக் பொய்யாக உயர்த்திக் காட்டும். இந்த வண்டியை இத்தனை வருஷமாகப் பார்த்தவர்கள் எல்லாரும் அணைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள் போல. ஆகவே குறையாக இருந்த எண்ணெயைக் குறையாகவே திரும்ப ஊற்றியிருக்கிறேன். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் லிவரை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி நிறுத்தித் திரும்ப பி-க்குக் கொண்டுவந்து, ஐடிலில் ஓடவிட்டபடியே பார்த்தேன். குளிர் அளவுக் கோட்டுக்கும் கீழே! சூட்டு அளவு வரை நிரப்ப 0.8 லிட்டர் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். கூடினால் நுரை தட்டும், மறுபடி வடிக்கிற பாடு நமக்குத்தான்.

உறுமல் பாதியாகக் குறைந்தது. புது எண்ணெயின் மகிமை என்று நினைத்துக்கொண்டு, வாரம் ஒரு முறை வீதம் இன்னும் இரண்டு தடவை 2.5 லிட்டர் வடித்து 2.5 லிட்டர் ஊற்றினேன். எண்ணெய் சிவப்பானது, கியர் அப்படியேதான் இருந்தது. பலன் தந்தது அந்த 0.8 லிட்டர் மட்டும்தான். நாலு லிட்டர் கேன் ஒன்று 85,000 வீதம் மூன்று கேன் வாங்கியிருந்தேன். மூன்றாவது கேன் இன்னும் மாடிப்படிக்கு அடியில் உடைக்காமல் கிடக்கிறது.

அடுத்து கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். இந்த வயசு டொயோட்டாவுக்கு ஸ்கேனர் எல்லாம் வேண்டாம். பானெட்டுக்கு அடியில் உள்ள டயக்னாஸ்டிக் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறத்தில் ஓட்டைகளின் பெயர் இருக்கும். டிஇ1 (TE1), இ1 (E1) இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால், டேஷ்போர்டில் உள்ள "ஓ/டி ஆஃப்" விளக்கு கண்சிமிட்டிக் குறை எண்ணைச் சொல்லும். 42, 61 என்றால் வேக சென்சார்கள். 62, 63 என்றால் கியர் மாற்றும் சோலனாய்டுகள், அதாவது மின்சாரத்தில் திறந்து மூடுகிற எண்ணெய் வால்வுகள். 64 என்றால் லாக்-அப் சோலனாய்டு, டார்க் கன்வர்ட்டரை நழுவாமல் பூட்டுவது.

வயரைச் சொருகினேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவே இல்லை. பல்பு எப்போதோ பியூஸ் போயிருக்கிறது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது: கியர் லிவரில் இருக்கும் ஓவர்டிரைவ் பட்டனை யாராவது ஆஃப் செய்து வைத்திருந்தால்? விளக்கு இல்லாமல் அது எப்படித் தெரியும்? இதற்கா இத்தனை பாடு? 1,500 கியாட்டுக்குப் பல்பு வாங்கி, டேஷ்போர்டைப் பாதி பிரித்து மாட்டினேன். பட்டன் சரியாகத்தான் இருந்தது. பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். விளக்கோ நிற்காமல் ஒரே சீராக, நொடிக்கு இரண்டு தடவை சிமிட்டியது. குறை எதுவும் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். நான் அதையும் ஏதோ ஒரு நீள எண் என்று நினைத்துப் பத்து நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டருக்குத் தெரிவது வயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்பது மட்டும்தான். அரைகுறையாக வேலை செய்கிற பாகத்தை அது நல்ல பாகம் என்றே நம்பும்.

இத்தனையிலும் எனக்குப் பணத்தை மிச்சப்படுத்திய சோதனை அடுத்து வந்தது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. கியர்பாக்ஸின் பக்கத்தில் வரும் சோலனாய்டு கனெக்டரைப் பிடுங்கிவிட வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டருக்கு அதிகாரம் கிடையாது, லிவர்தான் ராஜா. இந்தப் பெட்டியில் லிவர் எல்-இல் இருந்தால் முதல் கியர், 2-இல் இருந்தால் மூன்றாவது, டி-யில் இருந்தால் நேராக ஓவர்டிரைவ். விடியற்காலை ஐந்து மணிக்கு ரோடு காலியாக இருக்கும்போது கிளம்பினேன். எல்-இல் புறப்பட்டு, 2-க்குத் தள்ளி, 50க்கு மேல் வந்ததும் டி-க்குத் தள்ளினேன். டக்கோமீட்டர் முள் சட்டென்று கீழே இறங்கியது. நாலாவது கியர் உயிரோடு இருக்கிறது! வழுக்கலும் இல்லை. கம்ப்யூட்டர்தான் கேட்கவில்லை, கேட்டால் பெட்டி கொடுக்கத் தயார்.

அங்கேயே ஓரமாக நிறுத்தி டீ குடித்தேன்.

கனெக்டர் கழற்றியிருந்ததால் சோலனாய்டுகளையும் அளந்துவிட்டேன். 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். மூன்றும் 13 பக்கத்தில் காட்டின. திரும்ப மாட்டியதும் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சற்று நேரம் விட்டு மாட்டினேன். இல்லாவிட்டால் நாமே பிடுங்கியதைக் கம்ப்யூட்டர் குறையாக எழுதி வைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் கணக்கைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கியர் எப்போது மாற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, வண்டி எவ்வளவு வேகம் என்று பார்த்து. மாறும்போது எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதை ஒரு இரும்புக் கேபிள் முடிவு செய்கிறது, பெடல் இழுக்கிற த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குள் இறங்குகிற கேபிள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. மேலும் கீழும் ஆடுவதும் நாலாவது வராததும் "எப்போது" பக்கம். உறுமித் தொப்பென்று விழுவது "எவ்வளவு" பக்கம். நான் ஜூன் முழுக்க இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டயக்னாஸ்டிக் பெட்டியில் "டிடி" (TT) என்று ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்கும் இ1க்கும் நடுவில் வோல்ட் மீட்டர் வைத்தால் கம்ப்யூட்டரின் மனசில் இருப்பது வோல்ட்டாக வெளியே வரும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பெடலை மெதுவாக மிதித்தால், வோல்ட் 0, 1, 2 என்று படிப்படியாக 8 வரை ஏற வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் வைத்தபோது எண்கள் தடுமாறின, ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் பழைய சான்வா முள் மீட்டரை எடுத்தேன். அவர் ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, மீட்டர் இன்னும் வேலை செய்தது. மாப்பிள்ளை பெடலை மிதிக்க, நான் முள்ளைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, சட்டென்று சுழிக்கு விழுந்தது, மூன்று, மறுபடி ஒன்று, அப்புறம் நாலு, ஐந்து, ஆறு என்று ஒழுங்காக எட்டு வரை. திரும்பத் திரும்பச் செய்தோம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், பெடல் கால்வாசி இறங்கும் இடத்தில், முள் துள்ளியது.

பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற த்ராட்டில் பொசிஷன் சென்சார்தான். ஜப்பான் பழைய சாமான் கடையில் 70,000 கியாட். கடையில் மூன்று இருந்தது. மீட்டரைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலிலேயே ஒவ்வொன்றாக ஓம் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று துள்ளியது. இரண்டாவது நெளியாமல் ஏறியது. அதை வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார், முறைக்கட்டும். மாட்டும்போது ஸ்க்ரூவை உடனே இறுக்காமல், உள்ளே இருக்கும் ஐடில் தொடர்பு, அதாவது பெடலில் கால் இல்லை என்று சொல்கிற சுவிட்ச், த்ராட்டில் லிவர் அசைந்ததும் விடுபடுகிற மாதிரி சென்சாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைக்க வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது, நடுவில் மின்சாரம் போய் நெற்றி விளக்கில்.

பழைய சென்சாரைச் சும்மா விடவில்லை. பின்மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். அரைவட்டமாகக் கரிப்பட்டை, அதன் மேல் ஓடுகிற சின்ன உலோக விரல். பட்டை முழுக்கக் கறுப்பு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நகத்தின் அகலத்துக்குத் தேய்ந்து வெளிறிக் கிடந்தது. கால் பெடல். யாங்கோன் நெரிசலில் ஓட்டுகிறவனுடைய கால் வருஷம் முழுக்க எங்கே நிற்குமோ, அங்கே.

ஆட்டம் அன்றைக்கே நின்றது. ஆனால் நாலாவது வரவில்லை.

டிடி ஓட்டைக்கு இன்னொரு உபயோகம் உண்டு. வண்டி ஓடும்போது அதே வோல்ட், கம்ப்யூட்டர் எந்த கியரைக் கேட்கிறது என்று சொல்லும். 0 என்றால் முதல், 2 என்றால் இரண்டாவது, 4 என்றால் மூன்றாவது, 5 என்றால் மூன்றாவதோடு லாக்-அப், 6 என்றால் ஓவர்டிரைவ், 7 என்றால் அதனோடு லாக்-அப். காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். பானெட் இடுக்கு வழியாக வயரை இழுத்து மாப்பிள்ளையின் மடிக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஊர் வண்டியில் இடது சீட்டில் உட்காருகிறவருக்கு ஏற்கெனவே ஒரு உத்தியோகம் உண்டு. 1970லிருந்து ரோட்டில் வலப்பக்கம் போகிறோம், நிறைய வண்டிகளில் இன்னும் வலப்பக்க ஸ்டியரிங். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, இடது சீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆக மாப்பிள்ளைக்கு அன்றைக்கு இரண்டு வேலை.

"நாலு... நாலு... அஞ்சு, மச்சான்."

"லாரிக்கு முன்னாடி என்ன?"

"அஞ்சு வருது... இல்ல இல்ல, பஸ்ஸு வருது! போகாதீங்க! நாலு!"

அந்த நாலு வோல்ட்டா நாலு வண்டியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தவுட்சான் வரை போய்த் திரும்பினோம். 5க்கு மேல் முள் ஏறவில்லை. அதாவது கம்ப்யூட்டர் ஓவர்டிரைவைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை?

மாப்பிள்ளைதான் கண்டுபிடித்தான், தெரியாமலே. "மச்சான், இந்த வண்டி சூடே ஆகாதா? முள்ளு கீழயே கெடக்கு." ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறோம், என்ஜின் சூட்டு முள் பாதிக்கு வர வேண்டும். கால்வாசிக்குக் கீழே படுத்திருந்தது. என்ஜின் போதுமான சூட்டுக்கு வராவிட்டால் இந்தக் கம்ப்யூட்டர் ஓவர்டிரைவைத் தராது. அப்போதுதான் ஏப்ரல் நினைவுக்கு வந்தது. திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) விடுமுறையில் பெகுவுக்குப் போனபோது, அந்த வெயிலில், வண்டி நாலாவதுக்குப் போனது. அன்றைக்கு ஏதோ நல்ல நாள் என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்ததும் நோய் "ஆரம்பித்தது" என்றும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறிக்கிற வால்வ்தான் தெர்மோஸ்டாட். அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் ஓட்டை.

திங்கன்ஜூனில் எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், ரேடியேட்டர் வேலையிலேயே காலம் போனவர், அவரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "சூட்டு ஊர்ல அது எதுக்குத் தம்பி? நானே எத்தனை வண்டில கழட்டி எறிஞ்சிருக்கேன்."

"ஐயா, அது இல்லாமத்தான் கியர் விழல."

"கியருக்கும் தண்ணிக்கும் என்னப்பா சம்பந்தம்?" கொஞ்ச நேரம் யோசித்தார். "மேனுவல் கியர்ல எந்தத் தொல்லையும் வந்ததில்ல பாரு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து மேனுவல் வண்டியில் கழற்றி எறிந்தாலும் கியருக்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டர் வைத்த ஆட்டோ கியரில்தான் வினை.

82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் அதன் ரப்பர் வளையமும் சேர்த்து 35,000. மாட்டுவதற்கு முன்னால் அடுப்பில் சோதித்தேன். மனைவியின் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தொங்கவிட்டு, இனிப்புப் பாகு பார்க்கும் தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்தேன். 80 தாண்டியதும் வாயைத் திறந்தது, 95க்குள் முழுசாகத் திறந்துவிட்டது. சோதனை வெற்றி. பாத்திரம் இப்போது என் பாத்திரம். வீட்டில் புதுசு வாங்கியாகிவிட்டது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூலண்ட் 30,000. காற்றுக் குமிழ் போக ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து ஓடவிட்டு நிரப்பினேன். தெர்மோஸ்டாட் இருக்கும்போது இதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாது, குமிழ் உள்ளே நின்றால் வேறு விதமாகச் சூடேறும்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் சௌட்டான் ரோட்டு ஆறு. கொஞ்ச தூரத்தில் ஏழும் வந்தது. 80ல் 2500 இருந்த இடத்தில் இப்போது 1700க்குச் சற்று மேல்.

மிச்சம் இருந்தது உறுமலும் தொப்பும். கேபிள்.

என்ஜின் ஓடாமல், பெடல் முழுசாக மிதிபட்ட நிலையில், த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளின் ரப்பர் மூடி முனையைப் பார்க்க வேண்டும். உள்கம்பியில் அழுத்திப் பொருத்திய சின்ன உலோகக் குமிழ் ஒன்று உண்டு. அது ரப்பர் விளிம்போடு ஒட்டியோ, அதிகம் போனால் 1 மி.மீ. வெளியேயோ இருக்க வேண்டும். என் வண்டியில் குமிழே கண்ணில் படவில்லை. ரப்பரை உரித்துப் பின்னுக்குத் தள்ளி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். 7 மி.மீ. உள்ளே புதைந்திருந்தது. கேபிள் போதுமான அளவு இழுபடவில்லை, அதனால் உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறவில்லை, கிளட்ச் பிடிக்கும்போது ஒரு கணம் நழுவுகிறது.

உடனே அட்ஜஸ்டரில் கை வைத்தேன். இரண்டாவது தப்பு. 12 ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, 7 மி.மீ.யும் இழுத்து, "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று இன்னும் ஒரு இழுப்பு. சோதனை ஓட்டத்துக்கு அம்மாவும் கோயிலுக்கு என்று ஏறிக்கொண்டார்கள். முதல் கியர் மாறியதும் பின் சீட்டிலிருந்து, "யார்றா பின்னாடி வந்து இடிச்சது?" இரண்டாவது மாறியபோது தேங்காய் கூடையிலிருந்து உருண்டது. கோயில் வாசல் வரை பத்து இடி.

திரும்ப வந்து ஆற அமரப் பார்த்தபோது, பெடலை அடிவரை மிதித்தாலும் த்ராட்டில் லிவர் தன் முட்டில் போய் முட்டவில்லை, 4 மி.மீ. குறைவாக நின்றது. பெடலுக்குக் கீழே தரைவிரிப்பு இரண்டு அடுக்கு, அதற்கு மேல் ரப்பர் மேட். போதாததற்கு ஆக்ஸிலரேட்டர் கேபிளே தளர்ந்திருந்தது. கியர் கேபிளை அளப்பதற்கு முன்னால் இதைத்தான் சரி செய்திருக்க வேண்டும். மேட்டை எடுத்துப் போட்டு, ஆக்ஸிலரேட்டர் கேபிளை இறுக்கி, லிவர் முட்டுவதை உறுதி செய்துகொண்டு, கியர் கேபிளைப் பழைய இடத்துக்கே தளர்த்தினேன். இப்போது 7 மி.மீ. 3 ஆகியிருந்தது. அந்த 3ஐ மட்டும் இழுத்து, குமிழ் விளிம்பை எட்டிப் பார்க்கும்படி, அரை மி.மீ. வெளியே நிறுத்திப் பூட்டினேன். உறுமல் போயிற்று, தொப்பும் போயிற்று. அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை ஏறி, "இப்பத்தான் உங்க மாமனார் ஓட்டின மாதிரி இருக்கு" என்றார்கள். இதை மாமனார் காதில் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம்.

கணக்கு: எண்ணெய் 2,55,000, ஃபில்டரும் கேஸ்கெட்டும் 60,000, பல்பு 1,500, சென்சார் 70,000, தெர்மோஸ்டாட் 35,000, கூலண்ட் 30,000. மொத்தம் 4,51,500. கேபிளுக்குச் செலவே இல்லை. இதில் ஒரு கேன் எண்ணெய் அவசியமில்லாமல் உடைத்தது, இன்னொன்று அவசியமில்லாமல் வாங்கியது. மறுபடி இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால், ஓடும் என்ஜினில் எண்ணெய் அளவு, டேஷ்போர்டு பல்பு, சூட்டு முள், த்ராட்டில் முட்டு, இந்த நாலையும் முதல் ஞாயிறே பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவேன். முள் மீட்டரை முதல் நாளே எடுப்பேன்.

இன்னும் ஒன்று பாக்கி. மழை பெய்த மறுநாள் காலை, வண்டி நன்றாகக் குளிர்ந்திருந்தால், முதல் தடவை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் லேசாக ஒரு முனகல் கேட்கிறது. இரண்டாவது தடவை இல்லை. கியர் மாறும்போது கிளட்ச் மெத்தென்று பிடிக்க உதவுகிற அக்யுமுலேட்டர் பிஸ்டனின் ரப்பர் வளையங்கள் இறுகியிருக்கும் என்று சந்தேகம். அதற்குத் தட்டை மறுபடி இறக்கி வால்வ் பாடியையும் (எண்ணெய் வால்வுகள் இருக்கும் கட்டை) கழற்ற வேண்டும். அதற்கு முன்னால் எண்ணெய் அழுத்தத்தை அளக்க ஒரு கேஜ் வேண்டும். ஹைட்ராலிக் ஓஸ் போடும் கடையில் கேஜ் கிடைத்தது, கியர்பாக்ஸில் திருகுகிற முனை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. லேத்தில் கடைந்து தரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வா என்றார்கள், இது மூன்றாவது வெள்ளிக்கிழமை.